‘ரெசிட்யுவரி எஸ்டேட்’: எச்சமா, மிச்சமா, ஒழிபா?

மொழிபெயர்ப்பாளர், அடையாறு:
குழுவினருக்கு வணக்கம். முதியோருக்கான உயில் வழிகாட்டி, பன்னிரண்டு பக்கம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உயிலில் எழுதியதைச் செய்து முடிக்கும் ‘எக்ஸிகியூட்டர்’ என்பதற்கு நிறைவேற்றுநர் என்று போட்டுவிட்டேன். இடறுவது ‘ரெசிட்யுவரி எஸ்டேட்’. எஸ்டேட் என்று அப்படியே விட்டால் வாசகர் வால்பாறைக்குப் போய்விடுவார். ‘எஞ்சிய சொத்து’ போதுமா?

வழக்கறிஞர், மயிலாப்பூர்:
சொல் இருக்கட்டும், முதலில் பொருள். இந்த வீடு மகளுக்கு, அந்த வைப்புத்தொகை மகனுக்கு என்று பெயர் சொல்லி எழுதியவை போக மற்றதெல்லாம் இதில் சேரும். அது பாதிதான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 103ஆம் பிரிவு: எழுதியவர் இறக்கும் நாளில் அவருக்குச் சொந்தமாயிருந்து, உயிலின் வேறெந்த வாசகத்தாலும் செல்லும்படியாக யாருக்கும் போய்ச் சேராத அத்தனையும். மறந்துபோனவை, உயில் எழுதிய பின் வாங்கியவை, கொடுத்தும் பலிக்காதவை எல்லாம் இங்கேதான் வந்து விழும். பெறவேண்டியவர் முன்பே இறந்துவிட்டால் 105ஆம் பிரிவுப்படி அவர் பங்கும் பொதுவாக இதற்குள் வரும். (இறந்தவர் எழுதியவரின் பிள்ளையாக இருந்து, அவருக்கும் பிள்ளைகள் இருந்தால் 109ஆம் பிரிவு காப்பாற்றும்.)

‘எஞ்சிய’ என்றதும் பரணில் கிடக்கும் அண்டா குண்டா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டை மட்டும் எழுதிவிட்டு, பங்கு, நகை, வைப்புநிதி எதையும் குறிக்காத உயிலில் இதுவே பெரும்பங்காக இருக்கலாம்.

தமிழாசிரியர், திருவல்லிக்கேணி:
வழக்கறிஞர் ஐயா சொன்ன பொருளுக்கென்றே செய்துவைத்த சொல் நம்மிடம் இருக்கிறது: எச்சம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயல் எச்சவியல். முந்தைய எட்டு இயல்களில் அடங்காதவற்றையெல்லாம் வாரிக்கொள்ளும் இயல். உயிலின் இந்த வாசகமும் அதைத்தானே செய்கிறது? குறள் 112இல் செப்பமுடையவன் ஆக்கம் ‘எச்சத்திற் கேமாப்பு உடைத்து’, அதாவது வழிவந்தோர்க்கு அரணாகும். செல்வமும் வழித்தோன்றலும் ஒரே குறளில்! 114ஆம் குறளின் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொள்கிறார். சொத்து என்பதன் வேரும் ஐயத்துக்குரியது. எனவே ‘எச்சவுடைமை’.

பத்திர எழுத்தர், சைதாப்பேட்டை:
ஐயா, மன்னிக்கணும். வீட்டுக்காரம்மா ‘எச்சவுடைமை’ என்று படித்தால் மொட்டை மாடியில் காக்கை போட்டதுதான் ஞாபகம் வரும். நாங்கள் காலங்காலமாக ‘மேற்படி சொத்துகள் நீங்கலாக எனக்குப் பாத்தியப்பட்ட இதர ஸ்தாவர ஜங்கம சொத்துகள்’, அதாவது மற்ற அசையா, அசையும் சொத்துகள், என்று எழுதுகிறோம். சார்பதிவாளரும் ஒன்றும் சொன்னதில்லை.

தமிழாசிரியர்:
ஸ்தாவர ஜங்கமத்துக்குக் காக்கை எச்சமே மேல். பெயரெச்சம், வினையெச்சம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காக்கை நினைவு வருவதில்லையே.

கல்லூரி ஆசிரியை, தாம்பரம்:
வருகிறது ஐயா. ஆண்டுதோறும் சிரிக்கிறார்கள்.

‘மிச்சச் சொத்து’ என்றால் என்ன? மிச்சம் வடசொல் என்று யாராவது கிளம்புமுன்: அஞ்சு–அச்சம், எஞ்சு–எச்சம், மிஞ்சு–மிச்சம். மூன்றும் ஒரே வாய்பாடு. மிஞ்சுதலில் கூடுதல் என்ற பொருளும் இருப்பதால் அண்டா குண்டா குறையும் தீரும். யாப்பருங்கலக்காரிகையில் விட்டுப்போனவற்றைத் தொகுக்கும் ஒழிபியலைக் காட்டி ‘ஒழிபு’ எனலாம். ஆனால் ‘ஒழிபுச் சொத்து’ என்றால் சொத்தே ஒழிந்தது என்றுதான் படிப்பார்கள்.

தமிழாசிரியர்:
வாய்பாடு சரி, அம்மா. ஆனால் எதன் மிச்சம்? இதற்கிடையில் ‘உயில்’ என்ற சொல்லையே யாரும் கேள்வி கேட்கவில்லை. உய் + இல்: பிள்ளைகள் உய்வதற்கு இல்லத்தை விட்டுச்செல்வது.

கல்லூரி ஆசிரியை:
அழகாகத்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அது ஆங்கில ‘வில்’ என்கிறது. நல்ல தமிழ் வேண்டுமானால் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு எபிரெயர் 9இல் ‘மரணசாசனம்’ என்கிறது. அதிலும் இரண்டு பாதியும் வடமொழி!

வழக்கறிஞர்:
‘எதன் மிச்சம்’ என்பது நல்ல கேள்வி. பட்டியலிட்டவை போக மட்டுமல்ல. ஈமச் செலவு, கடன், பெயர் குறித்த கொடைகள் எல்லாம் தீர்ந்த பின் நிற்பது. கழித்தல் கணக்கு. அதனால் எஞ்சு, மிஞ்சு இரண்டும் பொருந்தும், ‘இதர’ பொருந்தாது. ‘இதர’ என்றால் பட்டியலில் இல்லாதது மட்டும். பலிக்காமல் போன கொடையைப் பட்டியலில் இருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம்.

சென்னையில் இது அடிக்கடி வரப்போகிறது. உயிலில் ‘பழைய எண் இன்னது, புதிய எண் இன்னது, இரண்டாம் மாடி வீடு, பிரிபடாத பாகம் இத்தனை சதுர அடி’ என்று எழுதியிருக்கும். அப்புறம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். மாடியும் பரப்பும் மாறிவிடும். குறித்த வீடு இன்னும் இருக்கிறதா, இல்லை மிச்சத்தில் சேர்ந்துவிட்டதா? மகளும் மகனும் அங்கேதான் மோதுவார்கள். கட்டுநரோடு ஒப்பந்தம் போட்ட கையோடு உயிலையும் திருத்தச் சொல்லி நூலில் ஒரு வரி சேருங்கள்.

மிச்ச வாசகமே இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் உயில் இல்லாதது போல. இந்து ஆண் என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, தாயும் சமபங்கு முதல் வகுப்பு வாரிசு. தாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. உங்கள் நான்காம் பக்கத்தில் ‘இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் சான்றொப்பம் இட வேண்டும்’ என்று இருக்கிறது. தவறு. குறைந்தது இருவர் வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொருவரும் கண்டிருக்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்து என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இருவரும் ஒருசேர இருக்க வேண்டியதில்லை. ‘சான்றொப்பம்’ என்றால் அரசு அதிகாரியைத் தேடிப் பச்சை மைக்கு ஓடுவார்கள். ‘சாட்சிக் கையெழுத்து’ போதும்.

பத்திர எழுத்தர்:
பயன்பெறுகிறவரையே சாட்சியாகக் கூட்டிவருகிறார்கள், அதையும் போடுங்கம்மா. பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

வழக்கறிஞர்:
பயன்பெறுபவர் சாட்சியானால் கொடை செல்லாது என்னும் 67ஆம் பிரிவு இந்துக்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் வேண்டாம், பிறகு வழக்கு வந்தால் அந்தச் சாட்சியை யார் நம்புவார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு. எண்ணிப் பார்த்ததில் மிச்சத்துக்கு மூன்று பேர், எச்சத்துக்கு ஒருவர், இதரவுக்கு அரை. நூலில் ‘மற்றவை போக மிச்சமாகும் எல்லாச் சொத்தும்’ என்று விரித்தே எழுதிவிட்டேன். கலைச்சொல் பட்டியலில் மட்டும் ‘மிச்சச் சொத்து’.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பட்டியலின் அடியில் பதிக. ‘எச்சவுடைமை’ என்ற வடிவத்தையும் அங்கே சேர்க்க.

பத்திர எழுத்தர்:
‘கோடிசில்’லுக்கு என்னம்மா போட்டீர்கள்? பின்னுயில்?

வழக்கறிஞர்:
ஆகாது. பின்னுயில் என்றால் பிந்திய புது உயில் என்று படிப்பார்கள். முந்தைய உயில் ரத்தாகிவிட்டது என்று கிழித்தே போடுவார்கள். கோடிசில் என்பது உயிலைத் திருத்தவோ அதில் சேர்க்கவோ எழுதும் பின்னிணைப்பு, முந்தைய உயிலோடு சேர்ந்து நிற்பது. அதற்கும் அதே இரண்டு சாட்சி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசுவோம்.