புதுப்பிப்பு: .22-250 தான் என்று முடிவாகிவிட்டது

தரை அணில் மாதிரியான சின்ன விலங்குகளை 300, 400 கஜத்தில் சுட கையிலிருக்கும் .223 ரெமிங்டன் போதுமா, .22-250க்குப் போகலாமா, இல்லை .243 வின்செஸ்டரா என்று முன்பு கேட்டிருந்தேன் (இவையெல்லாம் ரைஃபிள் தோட்டா வகைகளின் பெயர்கள்). பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. .22-250 எடுத்துவிட்டேன்.

பலர் வேகத்தைப் பற்றியே சொன்னீர்கள். 55 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு .223இல் வினாடிக்குச் சுமார் 3,240 அடி போகும்; .22-250இல் 3,600க்கு மேல். சரி, பெரிய வித்தியாசம்தான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது காற்று. தூரம் தெரிந்தால் குண்டு எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். காற்று அப்படிக் கணக்குக்குள் நிற்காது. அதற்கு நீளமான, கனமான குண்டு வேண்டும். அந்தக் குண்டு நிலையாகச் சுழல குழலின் முறுக்கு, அதாவது உள்ளே சுழன்று செல்லும் பள்ளங்கள், வேகமாக இருக்க வேண்டும். வழக்கமான .22-250 குழலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 75 கிரெயின் குண்டுக்கு அது பத்தாது, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை. நான் எடுத்தது 8. பெட்டியில் போட்டிருக்கும் பெயரைவிட இந்த எண்ணைத்தான் முதலில் பாருங்கள்.

சிலர் சொன்ன .204 ரூகர் தோட்டா நல்ல யோசனைதான், 32 கிரெயின் குண்டு 4,000 அடியைத் தாண்டும். ஆனால் அவ்வளவு லேசான குண்டைக் காற்று தள்ளிவிடும். .243 சுடும்போது பின்னால் உதைக்கும் உதையில் குண்டு பட்ட இடத்தை ஸ்கோப்பில் பார்ப்பது சிரமம்.

அப்புறம், .22-250 அதிக வெடிமருந்தை எரிப்பதால் குழல் சீக்கிரம் சூடாகிறது, தேய்மானமும் கூடுதல். அதனால் .223ஐ விற்கவில்லை. நிறையச் சுட வேண்டிய நாட்களில் அதுதான் வெளியே வரும்.