புதுப்பிப்பு: ஆச்சியின் ஓட்டைக் காலணா

ஆச்சி விட்டுப்போன ஓட்டைக் காலணா பச்சை பிடித்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று பதறிய எல்லோருக்கும் நன்றி. புளியின் அமிலம் வெண்கலத்தின் மேல்படலத்தையே உரித்துவிடும் என்று விளக்கியது உதவியது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தேன், அவ்வளவுதான்.

இப்போது வருடம் தெரிகிறது: 1944. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் இலைமாலை. 1943 முதல் 1947 வரை அடித்த காசு; போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம்பிடிக்கத்தான் நடுவில் அந்த ஓட்டை. அப்போது ரூபாய்க்கு 64 காலணா.

பெரியம்மாவிடம் காட்டியபோதுதான் கதை வந்தது. அம்மா குழந்தையாக இருந்தபோது அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிய காசாம் அது! ஓட்டையின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பது கயிறு உரசித்தான். சேகரிப்பாளர் பார்வையில் அது குறை, எனக்கு அதுதான் காசே.

விலை கேட்ட நண்பருக்கு: இந்த வகை ஏராளமாகக் கிடைக்கிறது, பெரிய விலை போகாது. போனாலும் தருவதாக இல்லை. இப்போது பிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக்) இல்லாத உறையில் இருக்கிறது. அடுத்து, பூஜைத் தட்டிலிருக்கும் தாமரை போட்ட இருபது பைசாக்கள். அவற்றில் படிந்த குங்குமத்தை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.