நிக்கோலஸ் கிளேட்டனின் தொழில் 1900ஆம் ஆண்டுப் புயலோடு முடிந்துவிட்டதா?

கேள்வி | பொழியூர்
அனைவருக்கும் வணக்கம். நீரோடியைத் தாண்டினால் வரும் பொழியூரில் கட்டட மேற்பார்வை வேலை செய்கிறேன். கடல் ஏறும்போது எங்கள் கரையில் சுவர் உடைவதில்லை. அடியிலுள்ள மணல் போய், வெட்டுக்கல் சுவர் முழுசாகவே சாய்கிறது. ஆகவே, டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் 1872 முதல் கட்டடங்கள் எழுப்பிய அயர்லாந்துக்காரர் கிளேட்டனைப் பற்றித் தேடினேன். 1900க்குப் பிறகு அவர் பெயர் மங்கியதற்கு அவர் கட்டியவற்றின் குறைதான் காரணமா?

மறுமொழி | களியக்காவிளை
இல்லை, தம்பி. மெம்ஃபிஸ் நிறுவனம் ஒன்றின் சார்பில் மேற்பார்வைக்கு வந்தவர், பருத்தித் துறைமுகத்தின் செல்வம் பெருகிய அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். கிரேஷம் என்ற வழக்கறிஞருக்குக் கருங்கல், சுண்ணாம்புக்கல், மணற்கல் மூன்றையும் கலந்து அவர் எழுப்பிய மாளிகை, குறைந்தது 6,000 பேரைக் கொன்ற 1900 செப்டம்பர் 8ஆம் தேதிப் புயலில் நிலைத்து நின்று, ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் தந்தது. 1891ஆம் ஆண்டின் சிவப்புச் செங்கல் மருத்துவக் கல்லூரியும் இன்றுவரை நிற்கிறது.

மறுமொழி | பாறசாலை
ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். அவர் கட்டிய திரு இருதய ஆலயம் அதே புயலில் இடிந்தது. கல் நல்லதாக இருந்தால் மட்டும் போதும் என்று சொல்வதற்கில்லை. அவரை வீழ்த்தியது வேறு. மாவட்ட நீதிமன்றக் கட்டட ஒப்பந்தம் தொடர்பான வழக்கில் சிக்கி, 1903இல் திவாலானார். ஊரின் பணமோ கடல் சுவருக்கும் தரையை உயர்த்தும் பணிக்கும் சென்றது. திருகித் திருகிச் சுமையை உயர்த்தும் ஜாக்கிகளால் வீடுகளை அப்படியே தூக்கி, அடியில் மணல் நிரப்பினார்கள். புது மாளிகை கட்டுவோர் அங்கே மிகச் சிலரே. ஒரே ஊரை நம்பித் தொழில் நடத்தியவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன இருக்க முடியும்?

மறுமொழி | பொழியூர்
மிக்க நன்றி. அடியில் மணல் நிரப்பிய செய்தியை எங்கள் கரையோடு ஒப்பிட்டு இரண்டு நாளாக யோசிக்கிறேன். இன்னொன்றும் கிடைத்தது: இடிந்த ஆலயத்துக்குப் பதிலாக வேறொருவர் வடிவமைத்து எழுந்த புதிய ஆலயத்தின் குவிமாடம் 1915ஆம் ஆண்டுப் புயலில் சேதமடைந்தபோது, மாற்றுக் குவிமாடத்தை வடிவமைத்தவர் கிளேட்டன்தான். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.