திரைக்குப் பின்னால் விழுந்தது 20தான்

இருபதுமுகம்:
பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், எங்கள் குழுவின் ஜிஎம் (கதையை நடத்துகிற கேம் மாஸ்டர்) நேற்று இங்கே எழுதியிருந்தார்: "ஆட்டக்காரர்கள் என்னை நம்பினால் போதும், பகடையை நம்பத் தேவையில்லை. கதைக்காக எண்ணை மாற்றுவது ஜிஎம்மின் கடமை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போன சனிக்கிழமை சிங்கப்பூர் தோ பாயோவில், புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். என் கேரக்டர் பலாடின், அதாவது புனித வீரன்; அவனுக்கு 9 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) மிச்சம். டிராகன் கடிக்க வருகிறது. ஜிஎம் அண்ணன், எங்களுக்குத் தெரியாதபடி வைத்திருக்கும் திரைக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டினார். தண்ணீர் பாட்டிலை எடுக்க எழுந்தபோது என் கண்ணில் பட்டது 20. அவர் சொன்னது, "படவில்லை." 20 விழுந்தால் அடி பட்டே தீரும், சேதப் பகடையும் இரட்டிப்பு. என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா?

பிடோக்_கதைசொல்லி:
தம்பி, அது 20 இல்லை, 2. இருபது முகப் பகடையை எடுத்துப் பாருங்கள், 20க்கு ஒட்டிய முகம் 2. நின்றபடி சாய்வாகப் பார்த்தால் பக்கத்து முகம்தான் தெரியும். அப்புறம், எண்ணை மாற்றுவது என் கண்டுபிடிப்பு இல்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஜிஎம் கையேடே அனுமதிக்கிறது. அடுத்தடுத்து இரண்டு கிரிட்டிக்கல் (20 விழுந்த அடி) விழுந்து ஒரு கேரக்டர் சாகப்போனால் இரண்டாவதைச் சாதாரண அடியாக்கலாம், படாமலே போனதாகவும் சொல்லலாம் என்கிறது. ஏழு மாதமாக ஒவ்வொரு வெள்ளி இரவும் உங்களுக்காக எழுதுகிறவன் நான். எனக்குக் கிடைத்த பெயர் பொய்யன்.

இருபதுமுகம்:
அதே இடத்தில் அடிக்கடி செய்யாதே, செய்வது தெரியவும் விடாதே என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கடமை என்கிறீர்கள், மாற்றவில்லை என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் எது? அது 20.

அண்ணே, அடி பட்டிருந்தாலும் நான் உடனே செத்திருக்க மாட்டேன். பூஜ்யத்துக்கு விழுந்திருப்பேன், அவ்வளவுதான். அப்புறம் என் முறை வரும்போதெல்லாம் நானே உருட்டுவேன். 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை விழுந்தால் பிழைப்பேன், மூன்று தடவை தவறினால் போவேன். காயம் ஆற்றும் கிளெரிக் பத்தடி தூரத்தில்தான் நின்றார், ஓடி வந்திருப்பார். அந்த ஆட்டம் முழுக்க எங்களுடையது. அதைத்தான் பறித்தீர்கள்.

திருடியின்_ஆவி:
நான் வேறு ஒன்று கேட்க வேண்டும். என் கேரக்டர், திருடி ரோக், ஜூன் மாதம் செத்தாள். அன்றும் திரைக்குப் பின்னால்தான் உருட்டினீர்கள், "20, மன்னிக்கணும்மா" என்றீர்கள். விதி என்று ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதேன். இவருக்கு மாற்ற முடியும் என்றால் எனக்கு ஏன் மாற்றவில்லை? அவளைக் கொன்றது பகடையா, நீங்களா?

பிடோக்_கதைசொல்லி:
பகடைதான். சத்தியமாக 20தான் விழுந்தது.

இருபதுமுகம்:
எப்படி நம்புவது? திரை ஒன்றுதானே! ஒரு தடவை மாற்றினீர்கள் என்றால் ஏழு மாதத்து எண் எல்லாமே உங்கள் இஷ்டம்தான். என் பாட்டி தாயம் ஆடும்போது கட்டையை யாராவது மடிக்குள் உருட்டினால் ஆட்டத்தையே கலைத்துவிடுவாள்.

ஈசூன்_வாசகன்:
இந்தச் சண்டையே வராத ஆட்டங்கள் இருக்கின்றன. 2010இல் வந்த அப்போக்கலிப்ஸ் வேர்ல்டில் ஜிஎம் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வெற்றி, 7 முதல் 9 வரை பாதி வெற்றி. மாறிப் பாருங்களேன்.

பிடோக்_கதைசொல்லி:
6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் என்ன கெடுதல், எவ்வளவு கெடுதல் என்று அங்கே யார் முடிவு செய்கிறார்? ஜிஎம். அங்கேயும் நம்பித்தான் ஆக வேண்டும். வெளிப்படையாக உருட்டினால் நேர்மை வந்துவிடுமா? சகுனி சபை நடுவேதான் உருட்டினான்.

இருபதுமுகம்:
சகுனியை நீங்களே இழுத்து வந்தீர்கள், நான் சொல்லவில்லை. ஈசூன், வேறு ஆட்டம் தேடி நான் வரவில்லை. என் பலாடினை விட்டுவிட்டு எங்கே போவேன்? கேள்வி ஒன்றுதான். அது 20.

பிடோக்_கதைசொல்லி:
சரி, நானும் கேட்கிறேன். உங்களுக்கு 9 ஹிட் பாயிண்ட் இருந்தது என்று நான் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தேனா? கைபேசியில் உருட்டிவிட்டு "17" என்கிறீர்கள், என்றைக்காவது திரையைக் காட்டச் சொன்னேனா? கல்லறைக் கதவுப் பொறியைத் தொடாமலே தாண்டினீர்களே, சாகசப் புத்தகத்தை முன்பே படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா?

இருபதுமுகம்:
படிக்கவில்லை! அந்தக் கதவில் கீறல் இருக்கிறது என்று நீங்கள்தான் வர்ணித்தீர்கள்.

திருடியின்_ஆவி:
கீறலைக் கண்டுபிடித்தது என் ரோக். அவள் செத்த பிறகு பெயரும் இவருக்கா?

ஈசூன்_வாசகன்:
நடுவில் ஒன்று. அன்று வாங்கிய ரொட்டி பரோட்டாவுக்கு இன்னும் இரண்டு பேர் காசு தரவில்லை.

இருபதுமுகம்:
கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினேன், தருகிறேன். பேச்சை மாற்றாதீர்கள். அண்ணே, தேசியச் சேவையில் ஒரே படுக்கையறையில் இருந்தவர்கள் நாம். உங்களை நம்பாமல் ஏழு மாதம் உட்கார்ந்திருப்பேனா? நம்பியதால்தான் வலிக்கிறது. "20 விழுந்தது, நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன்" என்று மேசையில் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு அங்கேயே மறந்திருப்பேன்.

பிடோக்_கதைசொல்லி:
விழாததை விழுந்தது என்று எப்படிச் சொல்வேன்? 2. சனிக்கிழமை ஆட்டம் உண்டு, திரையும் உண்டு.

திருடியின்_ஆவி:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இருபதுமுகம்:
வருவேன். எதிரில் இல்லை, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். அது 20.