புதுப்பிப்பு: அரிட்டாபட்டிக்கு 65 மி.மீ. ஸ்கோப்பே போதும்

2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரை அருகேயுள்ள அரிட்டாபட்டியின் குன்றுகளில் வல்லூறுகளையும் ராஜாளிக் கழுகையும் கூட்டை நெருங்காமல் பார்ப்பதற்கு, முன்வில்லையின் விட்டம் 65 மி.மீ. உள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்குவதா, 80 மி.மீ. உள்ளதை வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன், 65 மி.மீ. கருவியையே வாங்கிவிட்டேன். பெரிய வில்லை கூடுதல் ஒளி தரும் என்று நண்பர்கள் சொன்னது உண்மைதான். 60 மடங்கு பெரிதாக்கும்போது என் கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 1 மி.மீ.-ஐச் சற்றே தாண்டுவதால் காட்சி மங்கத்தான் செய்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் பொழுது ஏறியதுமே பாறையிலிருந்து கானல் கிளம்பி, கழுகின் மார்புக் கோடுகள் தண்ணீருக்குள் கிடப்பவைபோல் நெளியத் தொடங்கிவிடுகின்றன; அந்த நேரத்தில் 30 மடங்குக்கு மேல் கூட்டிப் பயனில்லை, எவ்வளவு பெரிய வில்லையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கண்வில்லை சாய்வாக அமைந்த வகையையே வாங்குங்கள்: உச்சிப் பாறையைப் பார்க்கக் கழுத்தை அண்ணாத்த வேண்டியதில்லை, முக்காலியைத் தாழ்த்தி வைக்க முடிவதால் காற்றில் ஆட்டமும் குறைகிறது. மிச்சமான பணம் உறுதியான முக்காலிக்குப் போயிற்று.