வீட்டுக்கு ஜியோதெர்மல்: 51,800 டாலர் கோட்டேஷன் நியாயமா?

வாப்பிங்கர்ஸ்வாசி:

எங்கள் வீடு நியூயார்க் மாநிலம் வாப்பிங்கர்ஸ் ஃபால்ஸில். 2,300 சதுர அடி, சூடாக்க ஆயில் ஃபர்னஸ், சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் உண்டு. தெருவில் கேஸ் லைன் கிடையாது. போன குளிர்காலத்தில் 800 கேலன் ஆயில் போயிற்று. ஃபர்னஸுக்கு 24 வயது. சர்வீசுக்கு வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஏசியும் அதே வயதுதான்.

நிலத்துக்கடியில் குழாய் பதித்து, அங்கிருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஜியோதெர்மலுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் 4 டன் (மெஷினின் திறன்), 51,800 டாலர் என்கிறார். இன்னொருவர் 5 டன், 63,000. வீடு ஒன்றுதான், கேட்டதும் ஒரே வாரத்தில்தான். 30 சதவீத ஃபெடரல் வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. போன வருடமே போடச் சொன்னேனே என்று மனைவி தினமும் ஒரு தடவை நினைவூட்டுகிறார். இனியும் இது கட்டுப்படியாகுமா? போட்டவர்கள் யாராவது உண்மையான செலவைச் சொல்லுங்கள்.

ஹட்சன்கரை:

நான் ஃபிஷ்கில் பக்கம். 2022 மே மாதம் போட்டேன், உங்கள் அளவு வீடுதான், 4 டன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மெஷினும் உள்வேலையும் 17,500. குழாய் இறக்க நிலத்தில் போடும் போர் 350 அடியில் இரண்டு, குழாயோடு சேர்த்து 16,500. டக்டைப் பெரிதாக்க 5,800. எலெக்ட்ரிக் பேனலை 200 ஆம்ப் ஆக்க 2,400. ஆக 42,200. கோட்டேஷனிலும் இதுதான் இருந்தது.

நான் கட்டியது 44,900. கூடுதலாக வந்த 2,700 கேசிங்குக்கு. மேல்மண் சரியாமல் இருக்க, பாறை தட்டும்வரை இரும்புக் குழாய் இறக்க வேண்டும். ஒரு போருக்கு 40 அடி என்று கணக்கு போட்டிருந்தார்கள். எங்கள் மண்ணில் பாறை 85 அடியில்தான் கிடைத்தது. அதிகப்படி அடிக்கு 30 டாலர் என்று கோட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. நீங்கள் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர்க் கிணறு இருந்தால் பாறை எத்தனை அடியில் வந்தது என்றும் விசாரியுங்கள்.

அப்பா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். போர் போடும் ரிக் வண்டி வந்து நின்றதுமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். 120 அடியில் தண்ணீர் பீய்ச்சியது. “நல்ல ஊற்றுப்பா, போதும், நிறுத்தச் சொல்லு” என்றார். இது தண்ணீருக்கான போர் இல்லை, உள்ளே பிளாஸ்டிக் குழாயை வளைத்து இறக்கிக் கலவை ஊற்றி அடைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். 700 அடி தோண்டிவிட்டு மூடுகிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை. அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

சரி, சலுகைகள். மின் கம்பெனி ரிபேட் 8,000. அதைக் கழித்த 36,900-க்குத்தான் வரிச்சலுகை. நான் போட்டபோது ஃபெடரல் 26 சதவீதம். அந்த ஆகஸ்டில் வந்த சட்டம் அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே 30 ஆக்கியது, எனக்கு அடித்த ஒரே லாட்டரி. அது 11,070, மாநிலம் 5,000. கடைசியில் என் கையிலிருந்து போனது 20,830.

4 டன்னா, 5 டன்னா என்பதற்கு: இரண்டு பேரிடமும் மேனுவல் ஜே கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டின் சுவர், ஜன்னல், பரண் இன்சுலேஷன் எல்லாம் வைத்து எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்று போடும் கணக்கு. சதுர அடியை மட்டும் பார்த்து டன் சொல்கிறவரிடம் ஜாக்கிரதை. ஒரு டன் கூடினால் 150 முதல் 200 அடி வரை போரும் கூடும், காசு அங்கேதான் போகிறது. பரணில் இன்சுலேஷன் குறைவென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். நான் போட்ட காலத்தில் 500 அடியைத் தாண்டினால் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கான விதிகள் வந்துவிடும். அதனால்தான் எனக்கு இரண்டு போர். 2023-ல் என்னுடையதைப் போன்ற மூடிய குழாய் ஜியோதெர்மலுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆழமாக ஒரே போர் முடியுமென்றால் கேசிங் செலவும் ஒரு தடவையோடு போகும்.

முதல் ஜனவரியில் கரண்ட் பில் 610 டாலர். ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். தப்பு என்னுடையது. ஆயில் காலப் பழக்கத்தில் இரவு தெர்மோஸ்டாட்டை எட்டு டிகிரி இறக்கிக் காலையில் ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றச் சொன்னால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரிக் ஹீட்டர் கிளம்பிவிடும். 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுக் கை வைக்காமல் இருந்தேன், அடுத்த மாதம் 340.

கணக்குப்பிள்ளை:

வாசி, உங்கள் 800 கேலனை வைத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய ஃபர்னஸ் 80 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்கு வந்த வெப்பம் சுமார் 26,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நிலத்துக்கடியில் வருடம் முழுக்க ஏறத்தாழ 50 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பதால், மெஷின் ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கி மூன்றரை யூனிட் வெப்பம் தரும். ஆக 7,400 யூனிட். 22 சென்ட் விலையில் 1,630 டாலர். ஆயில் கேலன் 3.80 என்றால் 3,040. வருடத்துக்கு மிச்சம் 1,400.

51,800-ல் ரிபேட் 8,800 என்று வைத்துக்கொண்டால் 43,000. மாநிலச் சலுகை 25 சதவீதம், 2025 ஜூலை முதல் உச்சவரம்பு 10,000. நிகரம் 33,000. புது ஃபர்னஸும் ஏசியும் எப்படியும் 17,000 ஆகும். வித்தியாசம் 16,000, திரும்பி வரப் பதினொன்றரை வருடம். மெஷின் 20, 25 வருடம் ஓடும், மண்ணுக்குள் இருக்கும் குழாய் 50-க்கு மேல். ஆறேழு வருடத்தில் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். தெருவில் கேஸ் இருந்திருந்தால் இந்தக் கணக்கே போட்டிருக்க மாட்டேன்.

பனிக்கரடி:

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்புக்கும் ஒரு விலை வாங்குங்கள். டக்டோடு சேரும் குளிர்பிரதேச மாடலை நான் 23,000-க்குப் போட்டேன். கடுங்குளிரில் கொஞ்சம் திணறும், வெளியே ஒரு பெட்டி இரைந்துகொண்டிருக்கும். ஆனால் தோட்டம் சேறாகவில்லை.

வாப்பிங்கர்ஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்று இருவரையும் கூப்பிட்டேன். 5 டன்காரர் மேனுவல் ஜே போடவே இல்லையாம், “அனுபவத்தில் சொன்னேன்” என்கிறார். 4 டன்காரர் பதினொரு பக்கம் அனுப்பினார். கேசிங் 60 அடி வரை அவர் விலையிலேயே சேர்த்தி. ரிபேட் 8,800-தான், கணக்குப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? பனிக்கரடி சொன்னதற்கும் ஒரு விலை கேட்டிருக்கிறேன், வந்ததும் முடிவு.

ஹட்சன்கரை:

ரிக் வரும் தேதி தெரிந்தால் சொல்லுங்கள். அப்பா மறுபடி வந்திருக்கிறார், நாற்காலியோடு அழைத்து வருகிறேன்.