கிணற்றுக்கு நிலையம் பார்க்கக் கவர்க்கம்பு உதவுமா?

படுவான்: கவர் விட்ட கம்பாலயும் தேங்காயாலயும் நிலத்தடி நீரோட்டம் பார்த்துக் கிணத்துக்கு இடம் சொல்றதுக்குச் சான்றில்லை எண்டு சொல்றாங்களாம். மட்டக்களப்பில காத்தான்குடி தொட்டுக் கல்லாறு வரை, கம்பு காட்டின இடத்தில கிண்டி எந்தக் கிணத்தில தண்ணி வரல்ல?

பூவல்: வராம எப்படி அண்ணன்? வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற எழுவான்கரை முழுக்க மணல். கம்பு காட்டின இடத்துக்குப் பத்துப் பாகம் தள்ளிக் கிண்டினாலும் கிட்டத்தட்ட அதே ஆழத்தில தண்ணி தட்டும். இங்க பிரச்சினை சவர், அதாவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நின்டா கீழ சுமார் 40 அடி வரை நல்ல தண்ணி. மோட்டர் இறைச்சு மட்டம் 1 அடி இறங்கினா, காலப்போக்கில சவர் 40 அடி வரை ஏறப் பார்க்கும். அதனால கிணத்துக் கொட்டு வளையத்தை ஆழமா இறக்காம, வாயை அகலமாக்கி, கொஞ்சம் கொஞ்சமா இறைக்கணும். உப்புக் கூடினாக் கூடக் காட்டுற மின்கடத்துதிறன் மானியால மேல் தண்ணியையும் அடித்தண்ணியையும் தனித்தனியா அளங்க. அடியில பல மடங்கு கூடினா சவர் கிட்ட. எந்தக் கம்பு இதைச் சொல்லுது?

படுவான்: மணலை விடுங்க. உன்னிச்சைப் பக்கம் கருங்கல். வெடிப்பில பட்டாத்தான் தண்ணி. மின்தடை அளவை செய்த குழாய்க்கிணறுகளும் வரண்டிருக்கே?

பூவல்: அது உண்மைதான். மின்தடை அளவையெண்டா நாலு முளை அடிச்சு, நிலத்துக்குள்ள மின்சாரம் விட்டுத் தடையை அளந்து, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி ஆழம் பார்க்கிறது. தண்ணி இருக்கிற வெடிப்பில தடை குறையும். களியும் சவரும்கூடத் தடையைக் குறைச்சுக் காட்டி ஏமாத்தும். ஆனா எங்க பிழைச்சதெண்டு பிறகு வரைபில தேடலாம். கவர்க்கம்பை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சா வில்லு மாதிரி இறுகி நிக்கும். மணிக்கட்டு துளி திரும்பினாலே நுனி குத்தும், ஆளுக்கே தெரியாது. ஜெர்மனியில 1987-88இல 500 பேருக்கு மேல பார்த்து 43 பேரைத் தெரிஞ்சு, கொட்டில் ஒண்டில தண்ணிக் குழாயை இடம் மாத்தி மாத்தி 843 தரம் சோதிச்சாங்க. சிலருக்குத் திறமை இருக்கெண்டு நடத்தினவங்க சொன்னாங்க. அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்து, குருட்டு ஊகத்தை விட மேல இல்லை எண்டார்.

மருது: புற்று, மரம், பள்ளம் பார்த்துச் சொல்ற ஆளும் இருக்கார். அது நிலம் படிக்கிற திறமை. அதுக்குக் கம்பு ஏன்?

படுவான்: சரி, கண்ணைக் கட்டிப் பார்ப்பம்.

பூவல்: கம்பு பார்க்கிறவர் முதல்ல கண் திறந்தபடி இடம் காட்டட்டும். அளந்து குறிச்சுப்போட்டு முளையைப் பிடுங்குவம். பிறகு கண்ணைக் கட்டி வேற வேற திசையால 10 தரம் நடத்துவம். 1 மீற்றருக்குள்ள எத்தனை தரம் வந்தாச் சரியெண்டு நடக்க முந்தியே எழுதி வைக்கணும், பிறகு பேரம் பேசேலாது.

படுவான்: செருப்போட நடக்க மாட்டார்.

பூவல்: கழட்டட்டும். தேங்காய்க் காசு உங்கட.